ஒரே சமையல், ஒரே உப்பு

சாராள்: ...அப்போ கிறிஸ்டிக்கு மட்டும் எப்படிடா நார்மலா இருக்கு?

மெர்வின்: எனக்கென்னக்கா தெரியும்...

சாராள்: ஒரே வீடு. ஒரே அடுப்பு. அவ வைக்கிற குழம்பைத்தான் நீயும் ஊத்திக்கற, அவளும் ஊத்திக்கறா. பொண்டாட்டிக்கு ஏறல, புருஷனுக்கு ஏறுது.

மெர்வின்: பிரஷர் ஆளாளுக்கு மாறும்க்கா. கம்பெனி டாக்டர்கூடச் சொன்னாரு.

சாராள்: என்னன்னு?

மெர்வின்: உடம்புவாகுன்னாரு. ஒருத்தர் நாள் முழுக்க வெயில்ல நிப்பாரு, ஒண்ணும் ஆகாது. இன்னொருத்தர் பத்து நிமிஷத்துல மயங்கி விழுவாரு. அந்த மாதிரின்னாரு... நீ கையை ஆட்டாதே. ரத்தம் ஓடற ட்யூப் அது.

சாராள்: வாரத்துக்கு மூணு நாள் இதே கட்டில், இதே டயாலிசிஸ் மிஷின். எந்தக் கையை ஆட்டலாம், எதை ஆட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நீதான் இன்னைக்குப் புதுசா வந்திருக்க.

மெர்வின்: ஷிஃப்ட்டுக்கா. மறைமலை நகர்லேர்ந்து கம்பெனி பஸ் வந்து சேரவே நேரமாயிடுது. லீவு குடுத்தாத்தானே.

சாராள்: இன்னைக்கு எப்படிக் குடுத்தாங்க?

மெர்வின்: கேட்டேன்... குடுத்தாங்க.

சாராள்: எப்பவும் கிறிஸ்டிதான் கூட வருவா. இன்னைக்கு அவளை வீட்டுல இருக்கச் சொல்லிட்டு, நீயே பைக்கை எடுத்து, சிட்லபாக்கத்துலேர்ந்து என்னைக் கூட்டிட்டு வர்ற. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. என்னமோ இருக்குன்னு அப்பவே நெனச்சேன்.

மெர்வின்: ஜிஎஸ்டி ரோட்டுல பேசிக்கிட்டே ஓட்ட முடியுமா? லாரிக்காரன் தூக்கிக்கிட்டுப் போயிடுவான்.

சாராள்: சரி. இப்ப ரோட்டுல இல்லையே. பேசு.

மெர்வின்: இங்க எதுக்குக்கா...

சாராள்: பேசுடா. மிஷினை நிறுத்தற வரைக்கும் நான் எங்கேயும் எழுந்து ஓட முடியாது. உனக்கு வசதிதான்.

மெர்வின்: கிறிஸ்டி நேத்து சொன்னா.

சாராள்: என்ன சொன்னா?

மெர்வின்: உனக்குத் தெரியாதா? உன்கூட வந்தப்போதானே டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்திருக்கா. குரூப் சேருதாம். பிரஷர் நார்மலாம். சர்க்கரையும் இல்லையாம். உனக்குக் கிட்னி குடுக்கப் போறேன்னு என்கிட்டயே வந்து சொல்றா. ஏதோ தையல் கிளாஸுக்குப் போறேங்கற மாதிரி.

சாராள்: உன்கிட்டக் கேட்டிருக்கணும்ங்கறியா?

மெர்வின்: கேக்க வேணாமா?

சாராள்: நீ எனக்குத் தர்றேன்னு சொன்னப்போ அவகிட்டக் கேட்டியா?

மெர்வின்: அது... விளையாடாதக்கா.

சாராள்: விளையாடற நிலைமையிலயா படுத்திருக்கேன்?

சம்பந்தம்: அக்கா, பிரஷர் பாத்துடலாமா? அந்தக் கையைக் குடுங்க. ட்யூப் இல்லாத கை.

சாராள்: இவர்தான் சம்பந்தம். இந்த வார்டுல மிஷின் எல்லாம் இவர் பொறுப்பு. சம்பந்தம், இவன் என் தம்பி, மெர்வின்.

சம்பந்தம்: அட, கிட்னி தர்றேன்னு சொன்ன தம்பியா? வணக்கம் சார். உங்களைப் பத்தி அக்கா நெறைய சொல்லிக்கீறாங்க.

மெர்வின்: என்ன சொன்னாங்க?

சம்பந்தம்: பெருமையாத்தான் சார். அப்புறம் பிரஷர்னு நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டேன். பாத்தா ஜம்முனு கீறீங்களே... ஒரு நிமிஷம், பேசாதீங்க... இன்னாக்கா இது, நூத்தி எழுபதைத் தாண்டுது. தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டீங்களா?

சாராள்: இல்லப்பா. தம்பிகூடப் பேசிக்கிட்டிருக்கேன். அதான்.

சம்பந்தம்: பேசினா ஏறும்தான். அதுவும் சொந்தக்காரங்ககூட.

சாராள்: இவனுக்கும் ஒரு தடவை பாத்துடேன்.

மெர்வின்: எனக்கு எதுக்கு? இப்பதான் கீழ காபி குடிச்சிட்டு வந்தேன். ஏத்திக் காட்டும்.

சம்பந்தம்: அதுவும் சரிதான். அடுத்த ரவுண்டு வருவேன்ல, அப்ப பாத்துக்கலாம் சார். மெஷின் சத்தம் போட்டா கூப்பிடுங்க, அந்தாண்டதான் இருப்பேன்.

மெர்வின்: ...உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?

சாராள்: எந்த வேலை?

மெர்வின்: எனக்குப் பிரஷர் பாக்கச் சொல்றது.

சாராள்: கொறைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான். சபையே உன் பிரஷருக்காக முட்டி போட்டுக்கிட்டிருக்கு.

மெர்வின்: அதை ஆரம்பிக்காத.

சாராள்: ஞாயித்துக்கிழமை ஆனா ஜெப விண்ணப்பத்துல முதல் பேரு உன் பேருதானே. 'சகோதரன் மெர்வின் அவர்களின் ரத்த அழுத்தம் குறையவும், அவர் தம் அக்காவுக்குச் செய்த தீர்மானம் நிறைவேறவும்...' பாஸ்டர் குரல் அந்த இடத்துல கொஞ்சம் கம்மும்.

மெர்வின்: தலையைத் தூக்க முடியலக்கா. எல்லாரும் ஆமென்ங்கறாங்க. எனக்குப் பின்னாடி உக்காந்திருக்கற சாலமோன் அண்ணன் என் தோள்ல கையை வெச்சுக்கிட்டு ஜெபிக்கிறாரு. அந்தக் கை... கல்லு மாதிரி கனக்குது.

சாராள்: எதிர் வீட்டு கிளியம்மாள் ஆன்ட்டி முருங்கைக்கீரை சூப்பு கொண்டு வர்றாங்க. கிறிஸ்டி உப்பில்லாம சமைக்கிறா. அவ புள்ளைங்களும் சேந்து அந்தச் சப்புச் சோத்தைத் தின்னுதுங்க.

மெர்வின்: ஷெரின் சாப்பாட்டு மேஜையிலேர்ந்து உப்பு டப்பாவையே எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கா. 'தாத்தா மாதிரி நீயும் விழுந்துடாதேப்பா'ங்கறா. ஒம்பது வயசு.

சாராள்: கிட்னி டாக்டர் மாத்திரை ஏதாவது குடுத்தாரா உனக்கு?

மெர்வின்: அன்னைக்கே சொன்னேனே. மாத்திரை எல்லாம் எழுதல. உப்பைக் கொறைங்க, கொஞ்சம் நடங்கன்னாரு. இந்த வயசுல பிரஷர் இருக்கறவங்க கிட்னியை எடுக்க மாட்டோம்னாரு. அவ்ளோதான்.

சாராள்: அவ்ளோதான்.

மெர்வின்: அக்கா... நான் வந்த விஷயம் வேற. கிறிஸ்டியை நீதான் தடுக்கணும்.

சாராள்: ஏன்?

மெர்வின்: ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு.

சாராள்: அறுப்பின் பண்டிகையில நீ மைக்கைப் பிடிச்சப்பவும் அதே ரெண்டு புள்ளைங்கதான் இருந்துச்சு.

மெர்வின்: அது வேறக்கா.

சாராள்: ஒவ்வொருத்தரும் பூசணிக்காய், சேவல், வாழைத்தார்னு காணிக்கை கொண்டாந்திருந்தாங்க. ஏலம் போட்டுக்கிட்டிருக்காங்க. நம்ம கேக்கை யாரு எடுப்பாங்கன்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன். நீ பாட்டுக்கு எழுந்து போன. 'எல்லாரும் நிலத்துல விளைஞ்சதைக் குடுத்தீங்க. நான் எங்க அக்காவுக்கு என் கிட்னியைக் குடுக்கறேன்'னு சொன்ன.

மெர்வின்: மனசாரத்தான்க்கா சொன்னேன்.

சாராள்: இல்லைன்னு நான் சொல்லலையே. அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்ன. பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. பாஸ்டர் உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. நானும்தான் அழுதேன். அம்மா அப்பா போன பிறகு எனக்குன்னு ஒருத்தன் எழுந்து நிக்கறானேன்னு... சந்தோஷமா இருந்துச்சுடா. பொய் சொல்ல மாட்டேன்.

மெர்வின்: பாட்டு வேற பாடினாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனக்கு என்னமோ...

சாராள்: கீழ எறங்கி வந்து என் பக்கத்துல உக்காந்த. உன் கையைப் பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சு.

மெர்வின்: ஃபேன் காத்து.

சாராள்: ம். ஃபேன் காத்து.

மெர்வின்: அதுக்குத்தான் சொல்றேன். கிறிஸ்டியும் அதே மாதிரி போய் மாட்டிக்கப் போறா. வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லப் போறாளாம். பாஸ்டர்கிட்டப் பேர் குடுத்துட்டா. சபை முன்னாடி சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியுமா?

சாராள்: மாட்டிக்கப் போறாங்கற.

மெர்வின்: வாய் தவறி...

சாராள்: இருக்கட்டும். எனக்கு வேற யாருடா இருக்கா? பெரிய ஆஸ்பத்திரியில பேரைப் பதிஞ்சு வெச்சிருக்கு. யாராவது செத்து, அவங்க வீட்டுல மனசு வெச்சு, என் முறை வந்து... அது நடக்கறப்போ நடக்கும். நீ இல்லைன்னு ஆயிடுச்சு. கிறிஸ்டியும் வேணாம்ங்கற. அப்போ நான்?

மெர்வின்: வேற வழி பாப்போம்க்கா.

சாராள்: என்ன வழி?

மெர்வின்: ...பாப்போம்.

சாராள்: சரி, முதல்ல அந்த உடம்புவாகு விஷயத்துக்கு வா. எனக்குப் புரியவே இல்ல. உனக்கு ஏன் ஏறுச்சு, கிறிஸ்டிக்கு ஏன் ஏறல?

மெர்வின்: பரம்பரைக்கா. இது தெரியாதா? அப்பாவுக்கு இருந்துச்சு. தாம்பரம் ஸ்டேஷன்ல ட்ரெய்ன் ஏறப் போனவரு பிளாட்ஃபாரத்துலேயே விழுந்தாரு. உனக்கு இருந்துச்சு. இப்ப எனக்கு. நம்ம வீட்டு ரத்தம் இது. கிறிஸ்டி வேற வீட்டு ரத்தம்.

சாராள்: அம்மாவுக்கு?

மெர்வின்: அம்மாவுக்கு இல்ல.

சாராள்: அம்மாவுக்கு எப்பவும் கம்மிதான். சட்டுன்னு எழுந்தா தலை சுத்துதுன்னு கதவைப் பிடிச்சுப்பாங்க. நம்ம உடம்புல அவங்க ரத்தமும்தானே ஓடுது?

மெர்வின்: அப்பா பக்கம்தான் தூக்கலா இருக்கும் போல.

சாராள்: எனக்குத் தூக்கல்தான். டெலிபோன் ஆபீஸ்ல நாள் பூரா தலைவலி. ஹெட்ஃபோனைக் காதுல மாட்டறதாலன்னு நெனச்சுக்கிட்டு தைலத்தைத் தேச்சுக்கிட்டிருந்தேன். பிரஷர் இருந்ததே தெரியல. தெரிஞ்சப்போ அது ரெண்டு கிட்னியையும் தின்னு முடிச்சிருந்துச்சு. சரி, பரம்பரை ஒண்ணு. வேற?

மெர்வின்: நைட் ஷிஃப்ட். தூக்கம் கெட்டா ஏறுமாம்.

சாராள்: கிறிஸ்டி மட்டும் தூங்கறாளா? எனக்கு மூச்சு வாங்கினா அவதான் எழுந்து வந்து உக்கார வெக்கிறா.

மெர்வின்: டென்ஷன். எங்க லைன்ல ஒரு பீஸ் சரியில்லைன்னு திரும்பி வந்தா சூப்பர்வைசர் என் கழுத்துல கத்தி வெக்கிறான்.

சாராள்: அவளுக்கு டென்ஷனே இல்லைங்கற. நாத்தனாரை வீட்டுல வெச்சுப் பாத்துக்கறவ. அப்புறம்?

மெர்வின்: பொம்பளைங்களுக்கு இந்த வயசுல கம்மியாத்தான் இருக்குமாம்.

சாராள்: எனக்கு?

மெர்வின்: உனக்கு வேற... என்னை என்னக்கா விசாரணை பண்றே? போலீஸ் ஸ்டேஷன் மாதிரி.

சாராள்: இன்னொண்ணு சொல்லாம விட்டுட்டியே.

மெர்வின்: எது?

சாராள்: உப்பு.

மெர்வின்: உப்புதான் வீட்டுலயே இல்லையே.

சாராள்: வீட்டுல இல்ல.

மெர்வின்: அப்படின்னா?

சாராள்: மெர்வின், எனக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணின்னு தெரியும்ல?

மெர்வின்: அந்த சின்ன பாட்டில்.

சாராள்: அந்த பாட்டில்தான். காபி, மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான். வெயில் காலத்துல நாக்கு மேல ஒட்டிக்கும். ஐஸ் கட்டியை வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். போன வருஷம் மழையில ஏரி உடைஞ்சு தெருவெல்லாம் தண்ணி நின்னுச்சே, அப்பவும் நான் மட்டும் தாகத்தோட மொட்டை மாடியில உக்காந்திருந்தேன். இப்படி இருக்கறவளுக்கு என்ன பழக்கம் வரும் தெரியுமா? மத்தவங்க தண்ணி குடிக்கறதைப் பாக்கறது.

மெர்வின்: அக்கா...

சாராள்: யாரு மடக்கு மடக்கா குடிக்கறாங்க, யாரு அண்ணாந்து ஊத்திக்கறாங்க, யாரு பாதி டம்ளரைக் கீழ கொட்டறாங்க... எல்லாம் தெரியும். ஷெரின் கொட்டுவா. எனக்கு வயிறு எரியும்.

மெர்வின்: இப்ப எதுக்கு இதெல்லாம்?

சாராள்: உன்னை டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தின வாரம். கம்பெனியிலேர்ந்து வந்ததும் செருப்பைக்கூட கழட்டல. சொம்பை எடுத்து நின்னுக்கிட்டே கவுத்துக்கிட்ட. மறுபடியும் ஒரு சொம்பு. நீ அப்படிக் குடிக்கற ஆளே இல்ல. சின்ன வயசுலேர்ந்து உன்னைத் தண்ணி குடிடா, தண்ணி குடிடான்னு அம்மா துரத்தணும். தினமும் அதே மாதிரி. உதடெல்லாம் காஞ்சு...

மெர்வின்: உஷ்ணம். வேலை...

சாராள்: சட்டையில கருவாட்டு வாசனை.

மெர்வின்: ...

சாராள்: கிறிஸ்டி துணி ஊற வெக்கும்போது சொன்னா. 'கேன்டீன்ல என்னத்தைப் போடறாங்களோ'ன்னு. பாவம், அவளுக்கு வேற எதுவும் தோணல.

மெர்வின்: கொஞ்சம் மெதுவாப் பேசு. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவர் பாக்கறாரு.

சாராள்: அவரு தூங்கறாரு. நீ சொல்லு.

மெர்வின்: என்ன சொல்லணும்?

சாராள்: நான் சொல்லிட்டேன். இனி நீதான்.

மெர்வின்: ...லைன்ல வேதாசலம்னு ஒருத்தன். அவன் மச்சானுக்குத் துபாய் போறதுக்கு மெடிக்கல். முதல் நாள் நல்லா கருவாடு, ஊறுகாய்னு அடிச்சிட்டுப் போயிருக்கான். பிரஷர் எகிறி ஃபெயில் பண்ணிட்டாங்களாம். டீ டைம்ல சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கிட்டிருந்தான். நானும் சிரிச்சேன். சாயந்தரம் பஸ்ல வரும்போது... அதே நெனப்பு.

சாராள்: ம்.

மெர்வின்: கம்பெனி கேட்டுக்கு எதிர்க்க ஒரு மெஸ் இருக்கு. அங்க போனேன். நெத்திலிக் கருவாடு, எலுமிச்சங்கா ஊறுகாய், அப்பளம். அதுவும் பத்தாதுன்னு உப்பைக் கையில கொட்டி நக்கினேன். பரிமாறற ஆளு ஒரு மாதிரி பாத்தான். தெனமும் போனேன். டெஸ்ட்டு அன்னைக்குக் காலையிலகூட...

சாராள்: பயமா இருந்துச்சா?

மெர்வின்: ரொம்ப.

சாராள்: செத்துடுவோம்னா?

மெர்வின்: அதுவும்தான். அப்பாவைத் தூக்கிட்டு வந்தப்போ நான்தானே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். அந்த டெட்டால் வாசனை வந்தாலே எனக்கு வெளிய ஓடத் தோணுது. அதுக்கு மேல, கம்பெனியில ஒருத்தருக்குக் குடல் ஆபரேஷன் ஆச்சு. வெயிட் தூக்கக்கூடாதுன்னு கேட்ல உக்கார வெச்சாங்க. அப்புறம் அதுவும் இல்லைன்னுட்டாங்க. எனக்கும் அப்படி ஆயிட்டா இவங்க மூணு பேரும் நீயும்... இப்படியே ஓடுச்சு. யாருகிட்ட சொல்றது? ஊரே என்னைத் தேவதூதன் மாதிரி பாக்குது.

சாராள்: என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

மெர்வின்: உன்கிட்ட எந்த வாயை வெச்சுக்கிட்டு சொல்லுவேன்? திட்டுக்கா.

சாராள்: திட்டறதுக்கு அப்ப கோபம் இருந்துச்சு. ரெண்டு மூணு நாள் உன் மூஞ்சியிலயே முழிக்கலை, ஞாபகம் இருக்கா? தலைவலின்னு சொல்லிட்டு ரூமுக்குள்ளயே கிடந்தேன். என் தம்பி என்னைச் சாகக் குடுக்கறானேன்னு மனசு கொதிச்சுது. அப்புறம் அதுவும் ஆறிப்போச்சு.

மெர்வின்: எனக்கு ஆறல. இன்னொண்ணுதான்க்கா என்னை அறுக்குது. அன்னைக்கு எனக்கு எல்லாம் பாத்து முடிச்சிட்டு வெளியில பெஞ்சுல உக்கார வெச்சாங்க. நீ டாக்டர் ரூமுக்குள்ள போன. கதவைச் சாத்திக்கிட்டு ரொம்ப நேரம் வரல. வரும்போது கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. அதுக்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டு பிரஷர் ஜாஸ்தின்னாரு. நீ உள்ள போய் அவர்கிட்ட கெஞ்சியிருக்கன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு.

சாராள்: ஆமா. கெஞ்சினேன்.

மெர்வின்: யாருகிட்டயும் நீ கை ஏந்தினதே இல்ல. என்னால ஒரு டாக்டர்கிட்ட...

சாராள்: கெஞ்சினேன்தான். அவரு லேசுல ஒத்துக்கல.

மெர்வின்: போதும்க்கா. நான் சொல்லிடறேன். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கிறிஸ்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி நானே எழுந்துக்கறேன். நானே குடுக்கறேன். உப்பை விட்டு இவ்ளோ நாள் ஆச்சு, பிரஷர் எறங்கியிருக்கும். மறுபடியும் டெஸ்ட் பண்ணட்டும்.

சாராள்: நெசமாவா?

மெர்வின்: நெசமாத்தான்.

சாராள்: எனக்காகவா, கிறிஸ்டிக்காகவா?

மெர்வின்: ...ஏன், ரெண்டு பேருக்கும்னு இருக்கக்கூடாதா?

சாராள்: இருக்கலாம். சும்மா கேட்டேன்.

சம்பந்தம்: இன்னா, அக்காவும் தம்பியும் ஒரே பேச்சா கீது. கையைக் குடுங்கக்கா. உங்களுக்கு மொதல்ல பாத்துடறேன்... அட, பரவாயில்லையே. நல்லா எறங்கிக்கீது. நூத்தி நாப்பதுக்கு வந்துடுச்சு.

சாராள்: வந்துடுச்சா.

சம்பந்தம்: மெஷினு தண்ணியை எடுத்துடுச்சுல்ல. எறங்கும். மனசுல கீறதை எறக்கினாலும் எறங்கும், சில பேருக்கு. சார், உங்க டர்ன். காபி குடிச்சு நேரமாயிடுச்சு. சட்டைக் கையை மேல ஏத்துங்க.

மெர்வின்: இல்ல... இன்னொரு நாள்...

சாராள்: குடுடா. இப்பதானே சொன்ன. எறங்கியிருந்தா நல்லதுதானே. ஞாயித்துக்கிழமை சொல்றதுக்கு நம்பராவது தெரியும்.

மெர்வின்: தெரியும், ஆனா இன்னைக்கு வேணாம்... பைக் ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன்...

சம்பந்தம்: இன்னா சார், கையை இப்படி இழுத்துக்கறீங்க? ஊசி கீசி ஒண்ணும் கெடையாது. வெறும் பட்டைதான். சுத்தி, காத்தடிச்சு, அவ்ளோதான். ...ஐயே, வேர்த்துப்போயிட்டீங்களே.

சாராள்: விட்டுடு சம்பந்தம்.

சம்பந்தம்: ஒரு நிமிஷ வேலைக்கா.

சாராள்: வேணாம்ப்பா, விடு. அவனுக்கு முடியல. அந்தக் கட்டில்ல மிஷின் கத்துது பாரு.

சம்பந்தம்: சரிக்கா. சார், தண்ணி குடிங்க. மூஞ்சி வெளுத்துப்போச்சு.

மெர்வின்: ...அக்கா, நான் வேணும்னு...

சாராள்: தெரியும். நீ வேணும்னு இழுக்கல. கை தானா போயிடுச்சு.

மெர்வின்: சொல்லும்போது நெசமாத்தான் சொன்னேன்க்கா. சத்தியமா.

சாராள்: சத்தியமெல்லாம் வேணாம். கண்ணைத் துடைச்சுக்கோ. இப்ப நான் சொல்றதைக் கேளு. கிறிஸ்டிகிட்ட எதையும் சொல்லாதே. கருவாடு, மெஸ் எதையும். அவளுக்கு நீ வேணும், அதுங்களுக்கு அப்பன் வேணும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் நானே அவகிட்டப் பேசிக்கறேன். எனக்கு வேணாம்னு சொல்லிடறேன். பாஸ்டருக்கும் போன் பண்ணி அவ பேரை எடுத்துடச் சொல்றேன்.

மெர்வின்: கேக்க மாட்டா.

சாராள்: நான் சொன்னா கேப்பா. நல்ல பொண்ணுடா அவ. அவளைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு நான் எழுந்து நடமாடணுமா? என்னால முடியாது.

மெர்வின்: அப்போ உனக்கு?

சாராள்: எனக்கு இந்த மிஷின் இருக்கு. ஓடற வரைக்கும் ஓடட்டும்.

மெர்வின்: எவ்ளோ நாளைக்கு ஓடும்?

சாராள்: அதைக் கேக்காதே. நானும் கேக்கறதில்ல. பயமாத்தான் இருக்கு எனக்கும். உனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சியா?

மெர்வின்: நான்தான்க்கா எல்லாத்துக்கும் காரணம். அந்த உப்பை மட்டும் திங்காம இருந்திருந்தா, அன்னைக்கு பிரஷர் ஏறாம இருந்திருக்கும். இந்நேரம் ஆபரேஷன் முடிஞ்சு நீ நல்லா இருந்திருப்ப. பயமோ நடுக்கமோ, படுக்க வெச்சு எடுத்திருப்பாங்க. உப்பைத் தின்னு தின்னு நானே உன்னை...

சாராள்: அந்த உப்பு உன்னை ஒண்ணுமே பண்ணலடா. அப்பாவோடது எனக்கு வந்துச்சு. நீ அம்மா பக்கம். அவ்ளோ கருவாட்டைத் தின்னுட்டு வந்தும் அன்னைக்கு உன் பிரஷர் நார்மலாத்தான் இருந்துச்சு, டாக்டரே என்கிட்ட சொன்னாரு. ஆனா நர்ஸு பட்டையை எடுத்துக்கிட்டு வந்தப்போ, இப்ப இழுத்தியே, இதே மாதிரி கையை இழுத்துக்கிட்ட. நான் கதவோரம் நின்னு பாத்தேன். அதுக்கப்புறம்தான் டாக்டர் ரூமுக்குள்ள போனேன். உன்னை எடுத்துக்கோங்கன்னு நான் கெஞ்சல மெர்வின்... 'பிரஷர் இருக்குன்னு சொல்லி, என் தம்பியை வீட்டுக்கு அனுப்பிடுங்க டாக்டர்'னுதான் கெஞ்சினேன்.